மூணு பிரியாவில் எந்தப் பிரியா?



எங்க வகுப்பில் மூணு பிரியா இருக்காங்க. டீச்சர் இனிஷியல் சேர்த்துக் கூப்பிட்டால்தான் சரியான பிரியா எழுந்திருப்பாள். ஆபீஸ் ஈமெயிலிலும் இதே கதைதான்.

மைக்ரோசாஃப்ட் அவுட்லுக்கில் புது மெயில் திறந்து 'டூ' பட்டனை அழுத்தினால் முகவரிப் புத்தகம் வரும். பெயரைத் தேர்ந்தெடுத்தாலே போதும், முகவரியை ஒவ்வோர் எழுத்தாக அடிக்க வேண்டாம்.

பெயர் போட மூன்று இடம் உண்டு:

1. டூ: யாருக்கு எழுதுகிறோமோ அவர்.

2. சிசி: விஷயம் தெரிய வேண்டியவர். டைப்ரைட்டர் காலத்துக் 'கார்பன் காப்பி'யின் சுருக்கம்.

3. பிசிசி: இதில் போட்ட பெயர் மற்றவங்களுக்குத் தெரியாது. ஒருத்தரை ஒருத்தர் அறியாத பலருக்கு ஒரே மெயில் அனுப்ப இதுதான் நல்லது.

புத்தகம் பெயரைத்தான் காட்டும், ஆளை நாமதான் பார்க்கணும். ஒரு பிரியாவின் மருத்துவ ரிப்போர்ட் வேறொரு பிரியாவுக்குப் போனால்? அவர் படிச்சிட்டா படிச்சதுதான், திரும்ப வாங்க முடியாது!

அதனால் பெயரோடு இனிஷியல், பிரிவு, ஊர் எல்லாம் சேர்த்தே சேமியுங்கள். அனுப்புவதற்கு முன் அந்தப் பெயரை ஒரு தடவை வாய்விட்டுப் படிங்க.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி