கம்பி நிறைய மெயில்

எங்கள் தாத்தா வீட்டுத் திண்ணையை ஒட்டிய உத்தரத்தில் ஒரு கம்பி தொங்கும். அடியில் வட்டமான மரக்கட்டை, மேலே கொக்கி. தபால் கார்டு, இன்லண்ட் லெட்டர், கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகை எதுவானாலும் படித்து முடித்ததும் அதில் குத்திவிடுவார். துக்கச் செய்தி மட்டும் விலக்கு. அதைப் படித்த கையோடு கிழித்து வாசலுக்கு வெளியே போட்டுவிட வேண்டும். ஏதாவது கடிதம் வேண்டுமென்றால், "அது ஆடிக்கு முன்னால வந்ததுல்ல" என்று சொல்லிக்கொண்டே அடுக்கைத் தூக்கிப் பார்ப்பார். அநேகமாகக் கிடைத்துவிடும்.

என் ஆபீஸ் இன்பாக்ஸும் அந்தக் கம்பிதான். புதிது மேலே, பழசு கீழே. ஆனால் எனக்குத் தாத்தாவின் பொறுமை இல்லை. ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஃபோல்டர்களாகப் போட்டுத் தள்ளினேன். 'கணக்கு', 'கணக்கு பழசு', 'முக்கியம்', 'ரொம்ப முக்கியம்', 'பார்க்கணும்'. ஒரே மாதத்தில் எது எங்கே போனதென்று தெரியாமல் நின்றேன். ஒரு ரசீது 'கணக்கு'க்கும் பொருந்தும், 'முக்கிய'த்துக்கும் பொருந்தும். அன்றைக்கு எதில் போட்டேன் என்று எவனுக்கு ஞாபகம்? என் சோம்பேறித்தனம்தான் காரணம் என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

1996-இல் ஸ்டீவ் விட்டேகர், கேண்டஸ் சிட்னர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 20 அலுவலகப் பணியாளர்களின் மெயில் பெட்டிகளைத் துருவிப் பார்த்தார்கள். மனிதர்களில் மூன்று ரகம் தேறியது. எதையுமே அடுக்காதவர்கள். அன்றாடம் அடுக்குபவர்கள். மூன்றாவது ரகத்தை நம் ஊர்க் கணக்கில் போகி ரகம் எனலாம்: சில மாதங்களுக்கு ஒருமுறை வெறி பிடித்தாற்போல ஒட்டடை அடிப்பவர்கள். அடுக்கியவர்கள் உருவாக்கிய ஃபோல்டர்கள் பலவற்றில் ஒன்றிரண்டு மெயில்கள் மட்டுமே கிடந்தன.

பத்தாண்டு கழித்து மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் அதே கேள்வியோடு திரும்பிப் போனார்கள். சேர்ந்திருந்த மொத்த மெயில் ஏறத்தாழ பத்து மடங்காகியிருந்தது. வியப்பு என்னவென்றால், இன்பாக்ஸின் அளவு மட்டும் பெரிதாக மாறவில்லை. கிடங்கு எவ்வளவு வீங்கினாலும் மேஜை மேஜையாகவே இருக்கிறது.

நம் கதைக்கு நேரடியாக வருவது 2011-இல் விட்டேகரும் ஐபிஎம் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு. 345 பேர் பழைய மெயிலைத் தேடி எடுத்த 85,000-க்கும் அதிகமான தடவைகளைப் பதிவு செய்தார்கள். ஃபோல்டர் வழியாகப் போனவர்களுக்குச் சராசரியாக 58 நொடி. தேடல் பெட்டியில் தட்டியவர்களுக்கு 17 நொடி. அவ்வளவு பாடுபட்டு அடுக்கியவர்களுக்குத் தேடியது கிடைக்கும் வாய்ப்பாவது கூடியதா என்றால், அதுவும் இல்லை. ஒரே மென்பொருளைப் பயன்படுத்தியவர்கள் என்பதால் அந்த நொடிக் கணக்கை அப்படியே நம் ஆபீசுக்குத் தூக்கிவர முடியாது. ஆனாலும் என் சனிக்கிழமையை நினைத்து வயிறு எரிந்தது.

தேடல் ஏன் ஜெயிக்கிறது? நாம் தட்டிய பிறகு கணினி ஒவ்வொரு மெயிலாகத் திறந்து பார்ப்பதில்லை. மெயில் வந்து விழும்போதே அதிலுள்ள சொற்களைப் பிரித்து, புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு மாதிரி, எந்தச் சொல் எந்தெந்த மெயிலில் என்று எழுதி வைத்துவிடுகிறது. 'ரசீது' என்றும் 'மார்ச்' என்றும் கேட்டால் இரண்டு பட்டியலையும் எடுத்து, இரண்டிலும் இருப்பதை நீட்டுகிறது. ஃபோல்டரில் ஒரு மெயிலுக்கு ஒரே இடம். சொல்லடைவில் அதிலுள்ள சொற்கள் அத்தனையும் அதற்கு முகவரி.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: சொல் மெயிலில் இருந்தாக வேண்டும். பொருள் வரியில் 'ஹலோ' என்று போட்டு, உள்ளே 'இணைப்பைப் பார்க்கவும்' என்று மட்டும் எழுதினால் தேடல் என்ன செய்யும், பாவம். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டும் நம்மவர்கள் பாடு இன்னும் திண்டாட்டம். 'பத்திரிகை'க்கு ஆளாளுக்கு ஓர் எழுத்துக்கூட்டல் வைத்திருக்கிறோம். அதனால் முக்கியமான கோப்பு வந்தால் இப்போதெல்லாம் நானே எனக்கு அதை ஃபார்வர்ட் செய்து, 'வீட்டு வாடகை ஒப்பந்தம் கையெழுத்துப் போட்டது' என்று தமிழில் ஒரு வரி சேர்த்துவிடுகிறேன்.

கண்டுபிடிப்பது இவ்வளவு சுலபம் என்றால் இன்பாக்ஸ் ஏன் இன்னும் கனக்கிறது? அங்கே கிடப்பதில் பாதி கடிதமே இல்லை, வேலை. 'இதற்குப் பதில் போடணும்' என்று கண்ணில் படும்படி விட்டுவைத்தவை. 1996 ஆய்விலேயே இது தெரிந்துவிட்டது. முடிக்காத வேலை மனதைப் பிறாண்டும் என்பதை 2011-இல் மசிகாம்போ, பாமைஸ்டர் என்ற உளவியலாளர்கள் சோதித்தார்கள். பாக்கி வேலையை நினைவூட்டிவிட்டு நாவல் பக்கங்களைப் படிக்கச் சொன்னால் கவனம் சிதறியது. அந்த வேலையை எப்போது, எப்படிச் செய்வேன் என்று திட்டம் போட்டவர்களுக்கு அந்தத் தொல்லை தணிந்தது. வேலையை அவர்கள் முடிக்கவில்லை, திட்டம் மட்டும்தான் போட்டார்கள். எனவே மெயிலுக்கு நட்சத்திரம் குத்துவதை நான் நிறுத்திவிட்டேன். 'வியாழன் 11 மணி, ஆடிட்டருக்குப் பதில்' என்று டைரியில் எழுதிவிட்டு மெயிலை அகற்றிவிடுகிறேன்.

இன்பாக்ஸைக் கனக்க வைக்கும் இன்னொன்று சிசி. அதன் பூர்வீகம் கார்பன் காப்பி. டைப்ரைட்டரில் நாலைந்து தாளுக்கு மேல் செருகினால் கடைசித் தாள் புகையாகத்தான் விழும். அந்தப் புகைதான் அன்றைய கட்டுப்பாடு. இன்றைக்கு 40 பேரைச் சேர்த்தாலும் நாற்பதாவது ஆளுக்குத் தெளிவாகவே போய்ச் சேர்கிறது. நான் சிசியில் மட்டும் இருக்கும் மெயில்கள் நேராக ஒரு லேபிளுக்குப் போகும்படி ஃபில்டர் போட்டிருக்கிறேன். அதைச் சாயங்காலம் பார்த்தால் போதும்.

மிச்சம் இருப்பது மெயில் வந்ததும் அடிக்கும் மணிச் சத்தம். பிரிட்டனில் தாமஸ் ஜாக்சன் குழு ஓர் அலுவலகத்தைக் கவனித்தபோது, 70 சதவீத மெயில்களுக்குப் பணியாளர்கள் 6 நொடிக்குள் பாய்ந்தார்கள். விட்ட வேலையைப் பழைய வேகத்தில் மறுபடி பிடிக்கச் சராசரியாக 64 நொடி ஆனது. வான்கூவரில் குஷ்லெவும் டன்னும் 124 பேரை ஒரு வாரம் தினமும் மூன்றே முறை மெயில் பார்க்கச் சொன்னார்கள். இஷ்டத்துக்குப் பார்த்த வாரத்தைவிட அந்த வாரம் மன அழுத்தம் குறைவாக இருந்தது. மூன்று முறை எனக்குக் கட்டுப்படியாகவில்லை. ஐந்தில் நிற்கிறேன். மேலதிகாரிக்கு மட்டும், அவசரமென்றால் போன் போடுங்கள் சார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இதுவரை இரண்டு முறை போட்டிருக்கிறார்.

போகிக்கு முதல் நாள் தாத்தா கொக்கியைக் கழற்றி, கம்பியில் இருந்ததை மொத்தமாக உருவி, சணல் போட்டுக் கட்டிப் பரணில் வீசுவார். எரிக்க மாட்டார், பிரிக்கவும் மாட்டார். போன போகியன்று நானும் ஓராண்டுக்கு முந்தைய மெயில் அத்தனையையும் தேர்ந்தெடுத்து, 'ரொம்ப முக்கியம்' உட்பட, ஆர்க்கைவ் பட்டனை அழுத்தினேன். அதிலிருந்து இதுவரை தேடி எடுக்க வேண்டி வந்தது மூன்றே மெயில். அதில் ஒன்று கேஸ் கனெக்‌ஷன் நம்பர்.