ஆங்கிலக் கட்டுரையில் தெளிவும் சுருக்கமும்

ஆங்கிலத்தில் கட்டுரை எழுதும்போது நம் மாணவர்களிடையே ஓர் எண்ணம் வேரூன்றி நிற்கிறது. எளிய சொற்களில் எழுதினால் அறிவு குறைந்தவர் என்று கருதப்படுவோம். நீண்ட வாக்கியங்களில் எழுதினால் புலமை மிக்கவர் என்று மதிக்கப்படுவோம் என்பதே அது. பள்ளியில் தமிழ்வழியில் பயின்று வந்தோர்க்கு இந்த அச்சம் இன்னும் மிகுதி. எனவே, நன்கறிந்த பொருளைக்கூடத் தமக்கே விளங்காத இரவல் வாக்கியங்களால் மூடி விடுகின்றனர். திருத்துபவர் கண்ணில் மூடிதான் படுகிறது. உள்ளிருக்கும் அறிவு படுவதில்லை. இழப்பு யாருக்கு?

ஆங்கிலத்தைத் திறம்படக் கையாண்டோர் கருத்து இதற்கு நேர்மாறானது. 1940 ஆகஸ்டில், போர் நெருக்கடிக்கு இடையிலும், அறிக்கைகளைச் சுருக்கமாக எழுதுமாறு பிரதமர் சர்ச்சில் தம் அமைச்சரவைக்குக் குறிப்பு அனுப்பினார். 1948இல் சர் எர்னஸ்ட் கௌவர்ஸ் அரசு அலுவலர்களுக்காகவே 'ப்ளெயின் வேர்ட்ஸ்' என்னும் நூலை எழுதினார். டி.என்.ஏ.வின் அமைப்பை விளக்கி வாட்சனும் கிரிக்கும் 1953 ஏப்ரல் 25 'நேச்சர்' இதழில் வெளியிட்ட கட்டுரை ஏறத்தாழ ஒரு பக்க அளவே. அதுவும் 'நாங்கள்' என்ற சொல்லுடன்தான் தொடங்குகிறது. 1962இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த கண்டுபிடிப்புக்கு அவ்வளவு இடம் போதுமாயிற்று!

இனி, நாம் செய்யத்தக்கவை யாவை?

முதலாவது, வெறுஞ்சொற்களைக் களைதல். 'டியூ டு த ஃபாக்ட் தட்' என்னும் ஐந்து சொற்களின் வேலையை 'பிகாஸ்' என்னும் ஒரு சொல் செய்துவிடும். 'இட் ஷுட் பி நோட்டட் தட்' என்பதைப் பெரும்பாலும் அடியோடு நீக்கிவிடலாம்.

இரண்டாவது, வினைக்கு உயிர் கொடுத்தல். 'மேட் அன் அனாலிசிஸ் ஆஃப்' என்று வினையைப் பெயராக்கி, அதற்கு வேறொரு வினையைத் துணைக்கு அழைப்பானேன்? 'அனலைஸ்டு' என்றாலே போதும். செயப்பாட்டு வினையை முற்றிலும் விலக்க வேண்டியதில்லை. கரைசல் சூடாக்கப்பட்டது என்னும்போது, சூடாக்கியவர் யார் என்பது முக்கியமன்று. ஆனால், 'இக்கொள்கை தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது' என்று எழுதினால், புரிந்துகொண்டவர் யார் என்ற வினா எழும். அங்கே எழுவாய் தேவை.

மூன்றாவது, தமிழருக்கே உரிய ஒரு சிக்கல். தமிழில் வினைமுற்று பொதுவாக இறுதியில் வரும். எச்சங்களை அடுக்கிக்கொண்டே போனாலும் நமக்கு மூச்சு முட்டுவதில்லை. ஆங்கிலத்திலோ எழுவாயைக் கண்டவுடன் வினையைத் தேடும் படிப்பவர் மனம். 'த ஃபார்மர்ஸ்' என்று தொடங்கி, மழை பொய்த்ததையும் கடன் பெருகியதையும் நடுவில் திணித்து, கடைசியில் 'லெஃப்ட் தேர் வில்லேஜஸ்' என்று முடித்தால் வாக்கியம் இடையிலேயே முறிந்தது போலாகும். 'த ஃபார்மர்ஸ் லெஃப்ட் தேர் வில்லேஜஸ்' என்று முதலில் சொல்லுங்கள். காரணங்களை அடுத்து வையுங்கள்.

ஓர் எச்சரிக்கை. சுருக்கம் என்ற பெயரில் சான்றை வெட்டிவிடலாகாது. 'மே', 'ப்ராபப்லி' போன்ற சொற்கள், ஐயம் உண்மையிலேயே இருக்குமிடத்தில் இருந்தே தீரவேண்டும். அவற்றை நீக்கினால் கட்டுரை சுருங்காது, பொய்யாகிவிடும். நூலின் குற்றங்களைப் பத்தாக வகுத்த நன்னூலார், மிகுத்துச் சொல்வதை மட்டுமா குற்றமென்றார்? குறைத்துச் சொல்வதை அதற்கும் முன்னே வைத்தார் அன்றோ!

எழுதி முடித்ததும் வேறு துறையில் பயிலும் நண்பர் ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள். அவர் புருவம் நெரியுமிடத்தில் நிறுத்தி, "இங்கே நான் சொல்ல வந்தது என்ன?" என்று உங்களையே கேளுங்கள். விடை கிடைத்தால் அதையே எழுதுங்கள். கிடைக்காவிட்டால், குறை ஆங்கிலத்தில் இல்லை. பொருளை இன்னும் ஒருமுறை படிக்க வேண்டியிருக்கிறது. எளிய வாக்கியம் நம் அறியாமையை நமக்கே காட்டிவிடும். அதனால்தான் அதற்கு அஞ்சுகிறோம். அதனால்தான் அது நமக்கு வேண்டும்.