மத்திகிரி: குதிரைகளுக்கு வந்த நிலம்

ஓசூரை அடுத்த மத்திகிரியில், இன்று இந்த மரங்கள் நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில் குதிரைகள் இருந்தன. ஏறத்தாழ 900 மீட்டர் உயரம், மிதமான வெயில், பரந்த புல்வெளி. பெங்களூர் படைமுகாமும் பக்கத்தில். 1824-இல் ஆங்கிலேயப் படைக்கான குதிரைப் பண்ணை இங்கே அமைந்தது. நூறாண்டுக்குப் பின் அது கால்நடைத் துறையிடம் வந்தது. குதிரை மேய்ந்த இடத்தில் சிவப்புச் சிந்தி மாடுகள் மேய்ந்தன. சுமார் 1,600 ஏக்கர் மனைகளாகாமல் இன்றும் பசுமையாக இருப்பது, ஓசூருக்குக் கிடைத்த பெரும்பேறு என்றே சொல்ல வேண்டும்.

1970-களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது, ஊர் வேகமெடுத்தது. டைட்டன் கைக்கடிகார ஆலை தன் ஊழியர்களுக்கு மத்திகிரியில் குடியிருப்பு கட்டியது. அதை வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா.

காலை ஷிப்டுக்கு முன் டீக்கடையில் கொஞ்சம் நில்லுங்கள். கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் தமிழில் டீ கேட்பார், பால் கேனை இறக்குபவர் தெலுங்கில் பதில் சொல்வார், பாக்கிச் சில்லறைக்கான பேச்சு கன்னடத்தில் முடியும். மாநில எல்லைக்கோடு அங்கே யார் கண்ணிலும் படாது.

பண்ணை வேலியோரம் நடக்கும்போது தயவுசெய்து கிளைகளை ஒடிக்காதீர்கள்.