கலோரிக் கணக்கைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

2009ஆம் ஆண்டில் ஒரு நேரக் கஞ்சிக்காக வரிசையில் நின்ற தாய்மாருக்கு, 'கலோரியை எரிப்பது' என்ற பேச்சு விசித்திரமாகத்தான் தோன்றும். ஆனால் எமது பிள்ளைகள் இன்று அச்சொல்லைக் கைத்தொலைபேசியில் அடிக்கடி காண்கிறார்கள். நடந்தால் இத்தனை, ஓடினால் இத்தனை என்று இணையத்திலுள்ள கணிப்பான்கள் நொடியில் விடை தருகின்றன. அந்த விடை எப்படி வருகிறது என்று தெரியாத பிள்ளை அதை அப்படியே நம்பிவிடும். வளரும் வயதுப் பெண்பிள்ளை சாப்பாட்டைக் குறைப்பதற்கும் அது காரணமாகலாம். ஆகவே தாய்மாரும், கிராமங்களில் மாலை வகுப்பு நடத்தும் சகோதரிகளும் இக்கருவியைப் பற்றி அறிந்திருப்பது நல்லது.

விடை எங்கிருந்து வருகிறது?

ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியஸால் உயர்த்தத் தேவையான சக்தியே ஒரு கிலோகலோரி. நாம் பேச்சில் கலோரி என்பதும், கணிப்பான் காட்டுவதும் இதைத்தான்.

பெரும்பாலான கணிப்பான்கள் ஓர் அட்டவணையை வைத்தே கணக்கிடுகின்றன. அமெரிக்க ஆய்வாளர் பார்பரா எய்ன்ஸ்வேர்த்தும் குழுவினரும் 1993இல் வெளியிட்ட அந்த அட்டவணை 2000, 2011, 2024ஆம் ஆண்டுகளில் திருத்தப்பட்டது. சும்மா அமர்ந்திருப்பதை 1 என வைத்து, ஏனைய வேலைகள் அதைப்போல் எத்தனை மடங்கு என்று அது கூறுகிறது. இந்த எண்ணை 'மெற்' என்பார்கள். சற்று விரைவான நடை ஏறத்தாழ 3.5. வீடு கூட்டுவது 3 அளவில் வரும். மெதுவான ஓட்டம் 7 அல்லது 8.

மெற் எண்ணை உடல் நிறையாலும் (கிலோகிராம்), நேரத்தாலும் (மணித்தியாலம்) பெருக்கினால் விடை கிடைக்கும். 40 கிலோ நிறையுள்ள மாணவி அரை மணித்தியாலம் நடந்தால் 3.5 × 40 × 0.5 = 70 கிலோகலோரி. அவளோடு கூட நடந்த 60 கிலோ நிறையுள்ள தாய்க்கு 105. இன்னொன்றையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அந்த மாணவி நடக்காமல் இருந்திருந்தாலும் 20 கிலோகலோரி செலவாகியே இருக்கும். நடையால் கூடுதலாகச் செலவானது 50 மட்டுமே.

வகுப்பில் செய்து பார்ப்போம்

ஒரு கைத்தொலைபேசி போதும். முதலில் பிள்ளைகள் தாமே ஊகித்து ஓர் எண்ணை எழுதட்டும். பின்பு கணிப்பானில் பார்த்து, அதே கணக்கைக் கொப்பியிலும் செய்யட்டும். இரண்டு கணிப்பான்கள் இரு வேறு விடைகளைக் காட்டினால் மிக நல்லது. ஏன் வேறுபடுகின்றன என்று பிள்ளைகளே தேடுவார்கள். இணைய வசதி இல்லாத இடத்தில் மெற் எண்களைக் கரும்பலகையில் எழுதினாலே பாடம் நடக்கும்.

எக்காரணம் கொண்டும் பிள்ளைகளை மற்றவர்கள் முன்னிலையில் நிறுக்க வேண்டாம். எல்லோரும் 40 கிலோ என்றே வைத்துக் கணக்கிடட்டும்.

அடுத்து மென்பானப் போத்தல் ஒன்றைக் கொண்டுவாருங்கள். இலங்கையில் 2016 முதல் சீனியின் அளவுக்கேற்பச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை அடையாளம் இடப்படுகிறது. 100 மில்லிலீற்றரில் 10 கிராம் சீனி என்றால் 400 மில்லிலீற்றர் போத்தலில் 40 கிராம். ஒரு கிராமுக்கு 4 வீதம் 160 கிலோகலோரி. எமது மாணவி அதைச் செலவிட ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நடக்க வேண்டும். குடித்ததற்குத் தண்டனையாக ஓடச் சொல்வதற்கல்ல இக்கணக்கு. கடையில் நின்று தெரிவு செய்வதற்கே.

வீட்டு வேலையையும் கணக்கிடச் சொல்லுங்கள். தண்ணீர் சுமப்பது, முற்றம் கூட்டுவது, தோட்டம் கொத்துவது எல்லாம் உடலின் உழைப்பே. ஒரு நாள் தாயின் வேலைகளைக் குறித்துப் பெருக்கிப் பார்த்த பிள்ளை, "அம்மா வீட்டில சும்மாதான் இருக்கிறா" என்று பிறகு சொல்லாது.

கணிப்பானுக்குத் தெரியாதவை

இந்த அட்டவணை வளர்ந்தவர்களை வைத்துச் செய்யப்பட்டது. சிறுவர்களின் உடல் ஓய்விலும் ஒரு கிலோ நிறைக்கு வளர்ந்தவர்களிலும் கூடுதலான சக்தியைச் செலவிடுவதால் அவர்களுக்கு அது முழுதும் பொருந்தாது. செயற்கைக் காலுடன், அதுவும் முழங்காலுக்கு மேல் காலை இழந்து நடப்பவர், அதே தூரத்துக்கு மற்றவரிலும் கூடுதலான சக்தியைச் செலவிடுகிறார். சாதாரணக் கணிப்பான் அதைக் காட்டாது. சக்கர நாற்காலி பயன்படுத்துவோருக்கெனத் தனி அட்டவணை உண்டு. யுத்தத்தில் காலை இழந்தவர்கள் வாழும் எமது ஊர்களில் இதைப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

5 முதல் 17 வயது வரையானோர் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடங்கள் உடலை அசைத்து விளையாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். விளையாடிவிட்டு வரும் பிள்ளைக்குப் பசிக்கும். அப்போது எண்ணைப் பார்க்காமல் வயிறாரச் சாப்பாடு கொடுங்கள்.