நிலத்தடி இரும்புக் கருவிகளை இனங்காணல்: சில குறிப்புகள்

உலோகங்காண் கருவியுடன் வயல்வெளிகளில் திரிவோர் நாடுவது பொன்னையும் வெள்ளியையும் நாணயங்களையுமே. இரும்பின் சமிக்ஞையை விலக்கிவிடும் வசதியும் அக்கருவிகள் பலவற்றில் அமைந்துள்ளது. உழைப்போரின் வரலாறு எவ்வுலோகத்திற் பெரிதும் பதிந்துள்ளதோ அவ்வுலோகமே இவ்வாறு விலக்கப்படுகின்றது. (நம் வடபுலத்தார் இக்கருவியைப் புதையல் தேடலிலும் பார்க்கக் கண்ணிவெடி அகற்றும் பணியிலேயே கூடுதலாகக் கண்டுள்ளனர்.)

அவ்வாறு விலக்கியும் அகப்பட்டுவிடும் துருவேறிய கருவியொன்றைப் பற்றி இரு வினாக்கள் எழுகின்றன. அது எத்தொழிலுக்குரியது? எக்காலத்தது? முதல் வினாவுக்கான விடையையே இரண்டாவதற்கும் விடையாகக் கொள்வதனாலேயே பல தவறான முடிவுகள் தோன்றுகின்றன என்பது நம் கருத்து.

தொழிலை அறிதல் ஒப்பீட்டளவில் எளிது. காம்பு பொருத்தப்பட்ட முறையை முதலில் நோக்க வேண்டும். தகட்டின் ஒரு முனையை வளைத்துக் குழலாக்கி அதனுட் காம்பைச் செருகுவது ஒரு முறை; இரும்பின் வாலைக் காம்பினுட் செருகுவது மற்றொன்று. கோடரியின் வெட்டுவாய் காம்புக்கு நேராகவும் மண்வெட்டி, வாய்ச்சி என்பவற்றின் வாய் குறுக்காகவும் அமையும். தேய்மானமும் சான்றாகும். மண்ணைக் கிழித்த கொழுவின் நுனி மழுங்கித் தேயும்; அரிவாளோ தீட்டித் தீட்டி அலகு ஒடுங்கும். கனத்த துரு உருவத்தை மறைத்திருப்பின் எக்ஸ் கதிர்ப்படம் உள்ளிருக்கும் வடிவைக் காட்டும்.

காலத்தை இவ்வகையில் துணிய இயலாது. உழவனது தேவை மாறாதவரை அரிவாளின் உருவமும் பெரிதாக மாறுவதில்லை. நுண்ணோக்கியிற் காணப்படும் கசட்டு இழைகள் பழைய உலைமுறையைச் சுட்டுவன என்பது உண்மையே. 1856இல் பெசெமர் முறை அறிமுகமானதைத் தொடர்ந்து பெருகிய உருக்கில் இத்தகைய இழைகள் காணப்படுவதில்லை. எனினும் கசட்டிழை மட்டுமே தொன்மைக்குச் சான்றாகாது. பலாங்கொடைப் பகுதியின் மரபுவழி இரும்புருக்கலை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆனந்த குமாரசுவாமி பதிவு செய்துள்ளார். அன்றியும், உடைந்த கொழுவை உளியாக்குவது கொல்லனின் அன்றாடத் தொழில். பழைய இரும்பு புதிய கருவியாகிவிடும்.

ஆகவே கருவியின் காலத்தைக் கூறுவது பெரும்பாலும் அதைச் சூழ்ந்த மண்ணே. ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை அகழ்ந்த அலெக்சாந்தர் றியா, தாழிகளின் உள்ளும் புறமும் கிடந்த இரும்புக் கருவிகளின் கிடைநிலையையும் குறித்துவைத்தார். முனை கீழ்நோக்கி நின்ற ஆயுதங்கள் ஈமச்சடங்கு ஒன்றை உணர்த்துவனவாகலாம். அவற்றை மண்ணிலிருந்து பிடுங்கி எடுத்திருந்தால் எஞ்சுவது துருப்பிடித்த ஈட்டி மட்டுமே. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட சிவகளைக் காலக்கணிப்புகள் கி.மு. 4ஆம் ஆயிரத்தாண்டு வரை செல்கின்றன. அவை கரி, மட்பாண்டம் முதலியவற்றிலிருந்து பெறப்பட்டவை, இரும்பிலிருந்தன்று. அக்கரிக்கும் இரும்புக்கும் இடையிலான உறவு எவ்வளவு உறுதியானது என்பதிலேயே அம்முடிவின் வலு தங்கியுள்ளது.

நம் நாட்டில் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, கண்டெடுக்கப்படாத தொல்பொருள்கள் அரசுக்குரியன. அனுமதிப்பத்திரமின்றி அவற்றைத் தேடி அகழ்வது குற்றம். உழும்போதோ கிணறு வெட்டும்போதோ தற்செயலாகக் கிடைத்தால், ஆழத்தையும் உடன்கிடந்த ஓடுகளையும் கிட்டத்தையும் குறித்துக்கொண்டு, மேலும் தோண்டாது தொல்பொருட் டிணைக்களத்துக்கு அறிவித்தல் வேண்டும். கம்பித் தூரிகையாலும் புளியாலும் தேய்த்துத் துலக்கும் வழக்கம் பெருந்தீங்கானது. காம்புக் குழலினுள் ஒட்டியிருக்கும் துருவில் மரநார்களின் அமைப்பு கனிமமாகிப் பதிந்திருப்பதுண்டு. அக்காம்பு எம்மரத்தில் இழைக்கப்பட்டது என்பதைக்கூட அதனைக்கொண்டு சிலவேளை அறியலாம்.