வெப்சைட்டுக்கு ஆள் வரும் வழி



இன்று கம்ப்யூட்டர் பிரிவு மட்டுமல்ல, மெக்கானிக்கல், சிவில் நண்பர்களும்கூட சொந்தமாக வெப்சைட் போடுகிறார்கள். போடுவது சுலபம். அதைப் பார்க்க ஆள் வரவேண்டுமே! அங்கேதான் சங்கதி இருக்கு.

ஆட்கள் பெரும்பாலும் மூன்று வழியாக வருகிறார்கள். முகவரியை நேராகத் தட்டி வருபவர்கள் முதல் வகை. கூகுள் போன்ற தேடுபொறியில் தேடி வருபவர்கள் இரண்டாம் வகை. ஃபேஸ்புக், வாட்ஸ்அப் போன்றவற்றில் வந்த இணைப்பைத் தொட்டு வருபவர்கள் மூன்றாம் வகை. முதல் வழி நம் சொந்தம். மற்ற இரண்டும் அடுத்தவர் போட்ட ரோடு.

தேடுபொறி என்ன செய்கிறது?

முதலில் 'கிராலர்' என்னும் புரோகிராம் இணைப்பு இணைப்பாகத் தாவிப் பக்கங்களைப் படிக்கிறது. பிறகு, புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு மாதிரி, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று பட்டியல் போடுகிறது. நாம் தேடும்போது அதிலிருந்து எடுத்து வரிசைப்படுத்துகிறது. 1998-ல் கூகுளைத் தொடங்கிய லாரி பேஜ், செர்கே பிரின் இருவரும் ஒரு பக்கத்துக்கு வரும் இணைப்பை ஓட்டு மாதிரி எண்ணினார்கள். மதிப்புள்ள பக்கம் போடும் ஓட்டுக்கு எடை அதிகம்! இன்று இதோடு வேறு பல அளவுகோல்களும் சேர்ந்துவிட்டன.

அளவுகோல் மாறினால் வரிசையும் மாறும். 2011 பிப்ரவரியில் கூகுள் கொண்டுவந்த 'பாண்டா' மாற்றம், அமெரிக்காவில் நடந்த தேடல்களில் சுமார் 12 சதவீதத்தைப் பாதித்தது. சரக்கில்லாத பக்கங்களைக் கீழே தள்ளுவதுதான் அதன் நோக்கம்.

சமூக ஊடகத்தின் கதை

இங்கே யாரும் தேடுவதில்லை. எதைக் காட்டுவது என்று அந்த நிறுவனத்தின் கணக்கே முடிவு செய்கிறது. 2018 ஜனவரியில் ஃபேஸ்புக், சொந்தபந்தம், நண்பர்கள் போடுவதற்கே முதலிடம் என்று அறிவித்தது. அமெரிக்காவின் 'லிட்டில் திங்ஸ்' என்ற தளம் அடுத்த மாதமே மூடப்பட்டது. ஃபேஸ்புக் மாற்றத்தால் இலவசமாக வந்த கூட்டத்தில் முக்கால் பங்கு போய்விட்டது என்றது அந்த நிறுவனம்.

எங்க ஊர்ல பைபாஸ் ரோடு வந்தப்போ பழைய ரோட்டு டீக்கடைகள் படுத்துவிட்டன. டீயில் ஒரு குறையும் இல்லை. பஸ்ஸும் லாரியும் அந்தப் பக்கம் வரவில்லை, அவ்வளவுதான். எங்கப்பா கடையும் அதில் ஒன்று. இணையத்திலும் நடப்பது இதுவே.

இப்போது வந்திருக்கும் மாற்றம்

2024 முதல் கூகுள், செயற்கை நுண்ணறிவு எழுதிய பதிலைத் தேடல் முடிவுகளுக்கு மேலேயே காட்டத் தொடங்கியது. 2025-ல் அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் ஒரு கணக்கு வெளியிட்டது. அந்தப் பதில் இல்லாத தேடல்களில் 100-க்கு 15 முறை ஏதாவது ஒரு தளத்தின் இணைப்பைத் தொட்டவர்கள், பதில் இருந்தபோது 8 முறைதான் தொட்டார்கள். கிட்டத்தட்ட பாதி!

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். எங்கள் வீட்டில் முதன்முதலில் படிக்க வந்தவன் நான். சந்தேகம் கேட்க வீட்டில் ஆள் கிடையாது. 'சி' மொழியில் பாயிண்டர் புரியாமல் விழித்தபோது, முகம் தெரியாத யாரோ எழுதி வைத்த பக்கம்தான் எனக்கு ட்யூஷன். செயற்கை நுண்ணறிவு படித்ததும் அந்த மாதிரிப் பக்கங்களைத்தான். படிக்க ஆள் வராவிட்டால் அவர்கள் எத்தனை நாள் எழுதுவார்கள்?

நாம் செய்யக்கூடியது

தளம் போடுபவர்கள் ஒரே ரோட்டை நம்பாதீர்கள். பக்கத்தின் தலைப்பு விஷயத்தைச் சொல்லட்டும். விலை குறைந்த போனிலும் சட்டென்று திறக்கட்டும். எந்தச் சொல்லைத் தேடி வருகிறார்கள் என்பதை கூகுளின் 'சர்ச் கன்சோல்' இலவசமாகவே காட்டும். வந்தவர் மறுமுறை முகவரியை நினைவு வைத்து நேராக வரும்படி சரக்கு இருக்கட்டும்.

படிப்பவர்கள், மேலே வந்த பதிலோடு நின்றுவிடாமல் எழுதியவரின் பக்கத்தையும் திறந்து பாருங்கள். நல்லா இருந்தா நாலு பேருக்கு அனுப்புங்க. காசில்லாத நாம் அவருக்குக் கொடுக்க முடிந்த கூலி அதுதான்!