வெட்டிப் பிரித்த கன்வர்ட்டருக்குள்ளே

லேத்தில் சுழலும் டார்க் கன்வர்ட்டரின் இடுப்பில் ஓடும் வெல்டிங் தையலைக் கருவி சீவி எடுக்கிற அந்தக் கடைசிச் சுற்று இருக்கிறதே, ஆஹா! இரண்டு வாணலிகளை வாயோடு வாய் வைத்து ஒட்டியது போன்ற இரும்பு உருண்டை சட்டென்று இரண்டாகப் பிரியும். சிவப்பு ஆயில் வழியும். உள்ளே வட்டம் வட்டமாக அடுக்கிய வளைந்த தகடுகள் பளபளக்கும். வாழ்நாள் முழுக்க ஆட்டோமேட்டிக் வண்டி ஓட்டுகிறவர்கூடப் பார்த்திராத இடம் இது! அமெரிக்காவில் ஹாட் ராட் எனப்படும், பலமான எஞ்சின் ஏற்றிய பழைய கார்களுக்கு அளவெடுத்துக் கன்வர்ட்டர் கட்டும் பட்டறைகளில் இது அன்றாட வேலை.

எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஆயிலால் இணைப்பதே கன்வர்ட்டரின் வேலை. எஞ்சினோடு சேர்ந்து சுழன்று ஆயிலை வீசுவது பம்ப். அந்த வீச்சை வாங்கி கியர்பாக்ஸைத் திருப்புவது டர்பைன். நடுவில் நிற்கும் குட்டி ஸ்டேட்டர்தான் என் செல்லம். திரும்பி வரும் ஆயிலை மடக்கி, பம்புக்குத் துணையாகவே அனுப்பிவிடும். அதனால்தான் வண்டி கிளம்பும் கணத்தில் எஞ்சினின் முறுக்குவிசை ஏறக்குறைய இரண்டு மடங்காகிச் சக்கரத்துக்குப் போகிறது. 1905-இல் ஹெர்மன் ஃபாட்டிங்கர் என்ற ஜெர்மானியர் கப்பலுக்காக யோசித்த ஏற்பாடு இது!

இனி நம் கதாநாயகன், டி-பக்கெட். பழைய ஃபோர்டு மாடல் டி-யின் சின்ன உடல், பின்னால் தடித்த டயர், முன்னால் மூடியே இல்லாமல் மின்னும் வி-8. நார்ம் கிரபோவ்ஸ்கி கட்டிய கார் 1950-களின் இறுதியில் ‘77 சன்செட் ஸ்ட்ரிப்’ தொலைக்காட்சித் தொடரில் ஓடி, இந்த வகையையே ஊர்ப்பேச்சாக்கியது. இன்று கட்டுகிறவர்கள் பலர் செவர்லே 350 எஞ்சினையும் டர்போ 350 கியர்பாக்ஸையும் மாட்டுகிறார்கள். மொத்த எடை பெரும்பாலும் 900 கிலோவைத் தொடாது. சிக்கலும் சுவாரசியமும் அந்த எடையில்தான்.

கன்வர்ட்டர் பெட்டியில் ‘ஸ்டால் 2,800’ என்று போட்டிருக்கும். டர்பைனை அசையவிடாமல் பிடித்துக்கொண்டு முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தால் எஞ்சின் எட்டக்கூடிய ஆர்.பி.எம். அது என்று பொருள். ஆனால் அந்த எண் கன்வர்ட்டருக்குள் மட்டும் இல்லை, எஞ்சினிலும் வண்டியிலும் இருக்கிறது! எஞ்சினின் முறுக்குவிசை நான்கு மடங்கானால் அதே கன்வர்ட்டரின் ஸ்டால் இரண்டு மடங்காகும். கனமான காரில் எஞ்சினுக்குத் தள்ளுவதற்குப் பாரம் இருக்கிறது, ஆர்.பி.எம். முள் எகிறும். டி-பக்கெட்டிலோ முள் ஏறி முடிப்பதற்குள் வண்டியே பாய்ந்துவிடும். அதே கன்வர்ட்டர் குறைவாகத்தான் காட்டும். பிரேக்கை மிதித்துச் சோதிக்கலாம் என்றால், பின்சக்கரம் பிரேக்கையும் மீறிப் புகை கிளப்பிவிடும்.

சரி, இன்னும் உயர்ந்த ஸ்டாலாக வாங்கிவிடலாமே? பொறுங்கள், நெடுஞ்சாலைக் கணக்கைப் பாருங்கள். பின் ஆக்சில் விகிதம் 3.00, டயர் உயரம் 30 அங்குலம், வேகம் மணிக்கு 60 மைல் என்றால் எஞ்சின் சுமார் 2,000 ஆர்.பி.எம்.-இல்தான் சுற்றும். அங்கே 3,500 ஸ்டால் கன்வர்ட்டரை மாட்டினால் ஆயில் நழுவிக்கொண்டே சூடாகும். அந்தச் சூடு கியர்பாக்ஸைத் தின்னும். சாலையில் ஓட்டும் லேசான வண்டிக்கு, எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் மிதமானதாக இருந்தால் 2,000 முதல் 2,400 வரை போதும் என்பதே என் கட்சி. எடை குறைவு என்பதே பாதி வேலையைச் செய்துவிடுகிறது! முரட்டு கேம் வைத்திருந்தால் மட்டும் கொஞ்சம் தளர்வாக, அதாவது ஸ்டால் உயர்ந்ததாகக் கேளுங்கள். இல்லாவிட்டால் சிக்னலில் கியரில் நிற்கும்போது வண்டி முன்னே முட்டிக்கொண்டே இருக்கும், சில சமயம் அணைந்தும் போகும்.

பட்டறைக்காரர் எடை, டயர், ஆக்சில், கேம் எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்பார். உள்ளதைச் சொல்லுங்கள். எஞ்சின் பலத்தை ஏற்றிச் சொன்னால் அந்தப் பலத்துக்கேற்ப இறுக்கமாகக் கட்டிவிடுவார், ஸ்டால் இன்னும் கீழே போகும். பதில் கிடைத்ததும் கொண்டாட்டம்தான்! 12 அங்குலக் கூட்டுக்குப் பதில் 10 அங்குலம் எடுப்பார், ஸ்டால் ஏறும். தகடுகளின் கோணத்தை இம்மியளவு வளைப்பார், ஸ்டேட்டரை மாற்றிப் பார்ப்பார். தகடுகள் அசையாதபடி பித்தளைப் பற்று வைத்து, மூடி, வெல்டிங் செய்து, காற்றடைத்துக் கசிவு பார்த்து, பேலன்ஸ் பிடிப்பார்.

கியர்பாக்ஸில் மாட்டும்போது கொஞ்சம் ஆயிலை உள்ளே ஊற்றிவிட்டு, கன்வர்ட்டரைத் திருப்பித் திருப்பித் தள்ள வேண்டும். டொக்! கியர்பாக்ஸ் தண்டு. டொக்! ஸ்டேட்டர் பல். கடைசி டொக், கியர்பாக்ஸின் ஆயில் பம்ப். கியர்பாக்ஸை எஞ்சினோடு சேர்த்தபின் கன்வர்ட்டருக்கும் எஞ்சினோடு சுழலும் ஃப்ளெக்ஸ் பிளேட் தகட்டுக்கும் நடுவே 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறதா என்று அளந்துவிட்டு போல்ட்டை முடுக்குங்கள். இடைவெளியே இல்லையென்றால் ஆயில் பம்ப் இன்னும் பொருந்தவில்லை, முடுக்கினால் அது நொறுங்கும்.